மேன்முறையீட்டுக்கும் விலையா?

(வெலிமடையில் நடைபெற்ற சட்ட விளக்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)

      

அரசியலமைப்பைப் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்திருக்கின்றீர்கள். அரசியலமைப்பு என்றதும் அது கொழும்பிலே பெரிய மனிதர்கள் வாதிடும் பொருள் என்றும், தேயிலை மலையில் கூடை சுமப்பவருக்கும் உருளைக்கிழங்கு பயிரிடுபவருக்கும் அதனால் ஆவது ஒன்றுமில்லை என்றும் பலர் எண்ணுகின்றனர். ஆகவே, நீதவான் நீதிமன்றத்தின் படிக்கட்டிலே எழுகின்ற ஒரேயொரு கேள்வியை மட்டும் இன்று எடுத்துக்கொள்கின்றோம். குற்றவாளி என்று தீர்க்கப்பட்ட ஏழை ஒருவன், 'இத்தீர்ப்பு தவறு. மேல் மன்றம் என் வழக்கைக் கேட்க வேண்டும்' என்று சொல்வதற்குப் பணம் கொடுத்துத்தான் ஆகவேண்டுமா? பணம் இல்லாதவனுக்கு அந்த வாயில் அடைபட்டால், சட்டத்தின் முன் யாவரும் சமம் என்று அரசியலமைப்பில் எழுதியிருப்பதற்குப் பொருள் என்ன?

காசு சேரட்டும் என்றிருந்த தாய்

சில ஆண்டுகளுக்கு முன் இப்பகுதித் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாயார் எம்மைத் தேடி வந்தார். அவருடைய மகன் ஒரு கைகலப்பு வழக்கில் குற்றவாளியாகக் காணப்பட்டுத் தண்டப்பணம் விதிக்கப்பட்டிருந்தான். கட்டத் தவறினால் சிறை. காதிலிருந்ததை அடகு வைத்துத் தண்டத்தைக் கட்டி மகனை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். ஆயினும் மகன் அடிக்கவில்லை என்பதிலே அவருக்கு ஐயமே இல்லை. கையிலே மடித்து வைத்திருந்த தாளை எம்மிடம் நீட்டினார். அது சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தது.

"ஐயா, இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க. பெரிய கோர்ட்டுக்குப் போகணும்" என்றார்.

திகதியைப் பார்த்தோம். தீர்ப்பு வழங்கி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. நீதவானின் தீர்ப்பை எதிர்த்து மேன்முறையீடு செய்யச் சட்டம் தரும் தவணை 14 நாட்களே.

"ஏனம்மா முன்னமே வரவில்லை?" என்று கேட்டோம்.

"முத்திரைக்கும் நகலுக்கும் வக்கீலுக்கும் காசு இல்லாம அப்பீல் எடுக்க முடியாதுன்னு சொன்னாங்க ஐயா. சம்பளம் வரட்டும், காசு சேரட்டும்னு இருந்தேன்."

இச்சொற்களை நாம் இன்றும் மறக்கவில்லை. மீளாய்வு என்று வேறொரு வழி உண்டு. ஆனால் அது உரிமையன்று. விசேட காரணம் காட்டி மன்றத்தின் தற்றுணிபை வேண்டி நிற்பதாகும். அவ்வழியிலே முயன்றோம். பலன் கிடைக்கவில்லை. அந்த மகன் உண்மையிலே குற்றவாளியா, நிரபராதியா என்பதை எந்த மேல் மன்றமும் பார்க்கவேயில்லை. அதனைத் தடுத்தது சட்டத்தரணியின் வாதமன்று; நீதிபதியின் கருத்துமன்று; காசு சேரும் வரை அந்தத் தாயார் காத்திருந்த நாட்களே.

இதில் ஒரு விந்தையையும் கவனியுங்கள். சிறையிலே இருப்பவன் தனது மேன்முறையீட்டு விருப்பத்தையும் காரணங்களையும் சிறை அதிகாரியிடம் கூறினால், மனுவை ஆயத்தம் செய்து அனுப்பும் கடமையைச் சட்டம் அந்த அதிகாரி மேல் சுமத்துகின்றது. கடன்பட்டுத் தண்டம் கட்டி வெளியே வந்தவனுக்கோ அப்படிப்பட்ட துணை எதுவும் இல்லை. அடகு வைத்து மகனை மீட்ட தாயே அந்த வழியையும் மகனுக்கு அடைத்தவளாகின்றாள்!

மேன்முறையீடு இல்லாத காலம்

இந்த ஊவா மண்ணுக்கு மேன்முறையீடு இல்லாத நீதி எப்படியிருக்கும் என்பது புதிதன்று. இங்குள்ள விவசாயிகள் மரக்கறி கொண்டு செல்லும் கெப்பெட்டிப்பொல என்னும் ஊர்ப்பெயர் யாருடையது? ஊவாவின் திசாவையாக இருந்து 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சியிலே மக்கள் பக்கம் நின்ற கெப்பெட்டிப்பொலவின் பெயரன்றோ அது! இராணுவ மன்று அவரை விசாரித்தது. அந்த ஆண்டே அவருடைய தலை வெட்டப்பட்டது. மேல் மன்றம் எதுவும் அத்தீர்ப்பைப் பரிசீலிக்கவில்லை.

தோட்டத் தொழிலாளருடைய வரலாறும் இதற்குக் குறைந்ததன்று. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிலாளர் கட்டளைச் சட்டத்தின் கீழ், முன்னறிவித்தலின்றி வேலையை விட்டுச் செல்வதே சிறைக்குரிய குற்றமாயிருந்தது. கூலி ஒப்பந்தத்தை மீறினால் தோட்டத்துரை நட்டஈடு கேட்டு வழக்காடவில்லை. தொழிலாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். துண்டு முறையும் அச்சிறைத் தண்டனையும் 1921ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் தொலைந்தன. அந்த அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்திலே சிறை சென்ற நம் முன்னோருள், மேன்முறையீடு என்ற சொல்லைக் கேட்டிருந்தவர் எத்தனை பேர் இருந்திருப்பர்?

மேன்முறையீடு தந்தது என்ன?

மேன்முறையீடு ஒருவனுக்கு விடுதலை தருவதற்கு மட்டும் உள்ளதன்று. சட்டமே அங்கேதான் திருத்தம் பெறுகின்றது.

குற்ற அத்துமீறல் என்னும் குற்றத்தைத் தோட்ட மக்கள் நன்கறிவர். 'லயத்தை விட்டு வெளியேறு' என்ற கட்டளைக்குப் பணியாதவர் மீது பாயும் குற்றச்சாட்டு அது. 1950ஆம் ஆண்டிலே, இத்தீவிலிருந்து சென்ற சின்னசாமி செல்வநாயகம் எதிர் மன்னர் என்ற குற்றவியல் மேன்முறையீட்டில், இலண்டனிலிருந்த கோமறைக் கழகம் ஒரு விதியை வகுத்தது. தனக்கு உரிமை உண்டென உண்மையாக நம்பி ஒருவர் நிலத்திற் புகுந்தால், அந்த உரிமை சட்டத்திலே நிலைக்காது போயினும், அச்செயலால் மற்றவருக்கு எரிச்சல் ஏற்படும் என்பது மட்டும் அதனைக் குற்றமாக்காது. எரிச்சலூட்டுவதோ அச்சுறுத்துவதோ அவமதிப்பதோதான் அவருடைய மேலோங்கிய நோக்கம் என்று வழக்குத் தொடுநர் நிரூபிக்க வேண்டும். லயத்து அறையைத் தவிர வேறு வீடறியாத குடும்பத்துக்கு இது எத்துணைப் பெரிய அரண்! அந்த மேன்முறையீடு நடந்திராவிடின், அந்த விதி நமக்குக் கிடைத்திராது.

1965ஆம் ஆண்டு டிசம்பரிலே லியனகே வழக்கும் அதே கழகத்தின் முன் தீர்ந்தது. 1962ஆம் ஆண்டுச் சதிப்புரட்சி முயற்சிக்காகத் தண்டிக்கப்பட்ட 11 பேர் மேன்முறையீடு செய்தனர். அவர்களைத் தண்டிப்பதற்கென்றே பாராளுமன்றம் இயற்றிய சட்டம், நீதிமன்றத்துக்குரிய அதிகாரத்தைச் சட்டசபை பறித்துக்கொண்ட சட்டம் என்றும், ஆகவே செல்லாது என்றும் தீர்க்கப்பட்டது. அனைவரும் விடுதலை பெற்றனர். நாம் அத்தீர்ப்பை மதிக்கின்றோம். ஆயினும் ஒன்றை மறைக்க இயலாது. இலண்டன் வரை சென்று அவ்வாதத்தை எழுப்பியவர்கள் பெரும்பாலும் படையிலும் பொலிஸிலும் உயர் பதவி வகித்தவர்கள். அதே வாதம் ஒரு கவாத்துத் தொழிலாளியின் வழக்கிலே எழுந்திருந்தால், அது எந்தப் படியிலே நின்றிருக்கும்?

அமெரிக்காவில் எழுந்த கேள்வி

மேன்முறையீட்டுக் கட்டணம் அரசியலமைப்புக்கு முரணானதா என்ற கேள்வியை ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றம் நேருக்கு நேர் சந்தித்தது. 1956ஆம் ஆண்டு கிரிபின் எதிர் இல்லினோய் என்ற வழக்கிலே, வழக்கு விசாரணையின் எழுத்துப் பிரதிக்குப் பணம் கட்ட இயலாத காரணத்தால் முழுமையான மேன்முறையீட்டை இழக்கவிருந்த இரு கைதிகளின் பக்கம் அம்மன்றம் தீர்ப்பளித்தது. மேன்முறையீட்டு உரிமையை மாநிலம் கொடுக்காமலே விட்டிருக்கலாம். கொடுத்த பின்னர், பணமுள்ளவனுக்கு ஒரு நீதியும் இல்லாதவனுக்கு ஒரு நீதியும் வழங்கலாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

மூன்றாண்டு கழித்து, 1959இல், பேர்ன்ஸ் எதிர் ஒஹாயோ என்ற வழக்கு வந்தது. கன்னக்களவுக் குற்றத்துக்குச் சிறை சென்ற பேர்ன்ஸ், தாம் பரம ஏழை என்று சத்தியக் கடதாசி இணைத்து, மாநிலத்தின் அதியுயர் மன்றத்திடம் மேன்முறையீட்டுக்கு அனுமதி கேட்டார். பதிவுக் கட்டணமான 20 டொலர் இல்லையென்று மன்றத்தின் எழுதுவினைஞர் மனுவைத் திருப்பி அனுப்பினார். நீதிபதி எவரும் அதனைப் பார்க்கவேயில்லை! இவ்வாறு ஏழையின் மனுவைக் கட்டணத்துக்காக வாயிலிலே தடுப்பது அரசியலமைப்பு உறுதியளித்த சம பாதுகாப்புக்கு முரண் என்று பிரதம நீதியரசர் வாரன் தீர்ப்பு எழுதினார்.

'20 டொலர் பெருந்தொகையாயிருக்கலாம். சிறு தொகையானால் என்ன?' என்று கேட்பவர்க்கு 1961ஆம் ஆண்டு ஸ்மித் எதிர் பெனெட் வழக்கு விடை தந்தது. அங்கே அயோவா மாநிலம் ஆட்கொணர் மனுவுக்குக் கேட்டது 4 டொலர் மட்டுமே. அதுவும் செல்லாது என்றே முடிந்தது. 'சிறைத் தண்டனைக்கு அது சரி. வெறும் தண்டப்பணத்துக்கு எதற்கு இவ்வளவு சலுகை?' என்ற வாதத்துக்கு 1971ஆம் ஆண்டு மேயர் எதிர் சிக்காகோ வழக்கு விடையளித்தது. தண்டப்பணம் மட்டும் விதிக்கப்பட்ட மருத்துவ மாணவர் ஒருவருக்கும், அவர் பணமில்லாதவராயின், மேன்முறையீட்டுக்குத் தேவையான வழக்குப் பதிவை அரசு தந்தே ஆகவேண்டும் என்றது மன்றம். காதணியை அடகு வைத்த எமது தாயாரின் வழக்கு இதுவேயன்றோ!

அங்கும் எல்லாம் வெற்றியென்று நாம் சொல்லவில்லை. 1974ஆம் ஆண்டு ரொஸ் எதிர் மொபிட் வழக்கிலே, மன்றத்தின் அனுமதியில் தங்கியிருக்கும் மேல்நிலை மேன்முறையீடுகளுக்கு அரசு செலவில் சட்டத்தரணி கேட்கும் உரிமையில்லை என்று அதே மன்றம் எல்லை போட்டது. ஆயினும் வாயிலிலே காசு கேட்டு ஏழையைத் திருப்பி அனுப்பலாகாது என்ற அடிப்படை நிலைத்துவிட்டது.

பாக்கு நீரிணைக்கு அப்பால்

இந்தியாவிலே 1870ஆம் ஆண்டு நீதிமன்றக் கட்டணச் சட்டம் ஆங்கிலேயர் இயற்றியது. அந்நியர் சட்டமாயினும், கைதியின் மனுவுக்குக் கட்டணமில்லை என்று அதில் விலக்கு வைத்திருந்தனர். சுதந்திர இந்தியா அதற்கு மேலும் சென்றது. 1978இல் ஹொஸ்கொட் எதிர் மகாராஷ்டிர அரசு என்ற வழக்கில், தீர்ப்பின் பிரதி உரிய காலத்திற் கிடைக்காமையால் ஒரு கைதியின் மனு ஆண்டுக்கணக்கிலே தாமதித்து வந்தது. அவருடைய மனு தள்ளுபடியாயிற்று. ஆயினும் நீதியரசர் கிருஷ்ண ஐயர் வகுத்த விதி நிலைத்தது: மேன்முறையீடு நேர்மையான நடைமுறையின் பிரிக்க இயலாத அங்கம், தீர்ப்பின் பிரதியைக் கைதிக்கு இலவசமாகவும் காலந்தாழ்த்தாதும் கொடுக்க வேண்டும், வழியற்றவனுக்குச் சட்ட உதவியும் அளிக்க வேண்டும்.

சென்னை மாநிலக் கட்டணங்களைப் பற்றிய ஸெனித் லாம்ப் வழக்கில், நீதிமன்றக் கட்டணம் வரியன்று, கட்டணமே என்றும், அதற்கும் குடியியல் நீதி நிருவாகச் செலவுக்கும் பொதுவான ஒரு பொருத்தம் இருக்கவேண்டும் என்றும் இந்திய உச்ச நீதிமன்றம் கூறியது. குடியியல் நீதி என்ற சொல்லைக் கவனியுங்கள். காணி கேட்டு வழக்காடுபவன் தானாக மன்றத்துக்கு வருகின்றான். குற்றம் சாட்டப்பட்டவனோ அரசினால் இழுத்து வரப்படுகின்றான். இழுத்து வந்தவரே திரும்பிச் செல்லும் வழிக்கும் காசு கேட்பது எந்த அறம்?

நம் நாட்டு நிலை

இனி நம் நாட்டுக்கு வருவோம். பேர்ன்ஸ் தொடுத்தது போல ஒரு வழக்கை இங்கே நாம் தொடுக்க முடியுமா? உண்மையை ஒளிக்காமற் சொல்வதானால், அந்த வழி பெரும்பாலும் அடைபட்டிருக்கின்றது.

1971இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு, பாராளுமன்றம் இயற்றிய சட்டம் செல்லுமா என்று நீதிமன்றம் ஆராயும் அதிகாரத்தை நீக்கியது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 80(3)ஆம் உறுப்புரையும் அவ்வாறே தடை போட்டிருக்கின்றது. சட்டமூலமாயிருக்கும் சொற்ப நாட்களுக்குள் 121ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குச் செல்லலாம். அந்நாட்கள் கழிந்தால், சமத்துவத்துக்கு எவ்வளவு முரணான கட்டணச் சட்டமாயினும் அதனைச் செல்லாதென்று சொல்ல எந்த மன்றத்துக்கும் அதிகாரமில்லை. ஆகவேதான், கட்டணம் பற்றிய எந்தச் சட்டமூலம் வரினும் விழித்திருந்து அந்நாட்களுக்குள் எதிர்க்க வேண்டும் என்று படித்தவர்களை வேண்டுகின்றோம்.

ஆயினும் ஒரு கதவு திறந்தே இருக்கின்றது. 12(1)ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் சமத்துவத்தையும், 13(3)ஆம் உறுப்புரை நேர்மையான விசாரணையையும் உறுதியளிக்கின்றன. நிறைவேற்றுத்துறையின் அல்லது நிருவாகத்தின் செயலால் அவை மீறப்பட்டால், ஒரு மாதத்துக்குள் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் செல்லலாம். பேர்ன்ஸின் மனுவைத் திருப்பியனுப்பியது நீதிபதியன்று, எழுதுவினைஞர் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். பதிவகத்தின் மேசையிலே, தீர்ப்பு எதுவுமின்றி, பணமில்லையென்று ஏழையின் மனு மறுக்கப்பட்டால், மொழிபெயர்ப்புத் தரப்படாவிட்டால், அது நீதிமுறைச் செயலன்று, நிருவாகச் செயலே என்று நாம் வாதிடலாம், வாதிடவும் வேண்டும்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். வடக்கு கிழக்குக்கு வெளியே நீதிமன்ற மொழி சிங்களம். ஆனால் 24(3)ஆம் உறுப்புரை, மன்றத்தின் மொழி அறியாத தரப்பினருக்கு அரசு செலவிலே தமிழில் உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் பெறும் உரித்தைத் தந்துள்ளது. சட்டப்படி பெறக்கூடிய வழக்குப் பதிவுகளைத் தமது மொழியிற் பெறவும் உரித்துண்டு. ஆனால் 'சட்டப்படி பெறக்கூடிய' என்ற சொற்களுக்குள்ளே பிரதிக் கட்டணம் வந்து உட்கார்ந்துகொள்கின்றது. வாசிக்க முடியாத தீர்ப்புக்கு எதிராக 14 நாட்களில் காரணங்கள் எழுதுவது எப்படி? சட்டப் பிரச்சினை மீது மேன்முறையீடு செய்தால் சட்டத்தரணியின் அத்தாட்சியும் வேண்டும். முத்திரை, பிரதி, மொழிபெயர்ப்பு, அத்தாட்சி, பிணையாளி, பஸ் கட்டணம், இழந்த நாட்சம்பளம் என்று ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். ஒவ்வொன்றும் சிறிது; எல்லாம் சேர்ந்தால் ஒரு மதில்.

மறுப்புரைக்கு விடை

'கட்டணம் இல்லாவிட்டால் வீண் மேன்முறையீடுகள் மலிந்து மன்றங்கள் திணறும்' என்று சிலர் கூறுவர். இக்கூற்றிலே சிறிது உண்மை உண்டு. மன்றங்களிலே வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன என்பதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். ஆனால் கட்டணம் வீண் மேன்முறையீட்டைத் தடுப்பதில்லை. ஏழையின் மேன்முறையீட்டைத்தான் தடுக்கின்றது. பணமுள்ளவனுடைய வீண் வழக்கு தடையின்றி உள்ளே செல்கின்றது. தகுதியற்ற மனுவை நீதிபதி வாசித்துத் தள்ளட்டும். காசாளர் வாசியாமலே தள்ள வேண்டாம். அன்றியும், தண்டப்பணம் கட்ட இயலாமற் சிறை செல்வோர் நம் நாட்டுச் சிறைகளிலே பெருந்தொகையினர். பிழையான ஒரு தீர்ப்பால் ஒருவனைச் சிறையிலே வைத்துச் சோறு போடும் செலவைவிட, தீர்ப்பின் நகலொன்றின் செலவு பெரிதா?

நாம் செய்யவேண்டியவை

அரசிடம் மூன்றைக் கேட்கின்றோம். வறுமையைச் சத்தியக் கடதாசியால் காட்டுபவரிடம் குற்றவியல் மேன்முறையீட்டுக்கு எவ்வகைக் கட்டணமும் கேட்கலாகாது. குற்றத்தீர்ப்பின் நகல் தீர்ப்பு நாளிலேயே, அவர் அறிந்த மொழியிலே, இலவசமாகக் கொடுக்கப்பட வேண்டும். அது கையிற் கிடைக்கும் நாளிலிருந்தே தவணை தொடங்க வேண்டும். 'உமக்கு மேன்முறையீட்டு உரிமை உண்டு. இத்தனை நாளுக்குள் செய்யலாம். பணமில்லையேல் இங்கே செல்லலாம்' என்று நீதவான் திறந்த மன்றிலே சொல்ல வேண்டும்.

இவை வரும் வரை நாம் வாளாவிருக்கலாமா? தோழர்களே, தண்டனை கிடைத்த அன்றே வாருங்கள். காசு சேரும் வரை காத்திராதீர்கள். மன்றிலே விளங்காவிட்டால், 'தமிழில் சொல்லுங்கள்' என்று தயங்காமற் கேளுங்கள். அது சலுகையன்று, உங்கள் உரித்து. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு வறியவர்க்கென்றே இருக்கின்றது. தொழிற்சங்கத் தலைவர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் வழக்குத் திகதிகளைக் குறித்து வைக்கும் ஒரு கொப்பியை ஒருவர் பொறுப்பிலே கொடுக்கட்டும். ஆசிரியர்கள் தீர்ப்புத் தாளை வாசித்துச் சொல்லட்டும். காணி வழக்கிலும் காட்டு வழக்கிலும் அகப்படும் சிங்கள விவசாயிக்கும் இதே 14 நாட்களே, இதே மதிலே. ஆகவே இது ஓர் இனத்தின் கோரிக்கையாக நில்லாது, இம்மலையில் வாழும் எளியவர் அனைவரதும் கோரிக்கையாக எழ வேண்டும்.

எமது தொழிற் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மேன்முறையீட்டு அத்தாட்சிக்கு ஏழையிடம் பணம் கேட்பதில்லை என்று இம்மேடையிலேயே உறுதி கொள்வோம். அரசு கேட்கும் கட்டணத்தைக் கண்டிக்கும் நாம், நமது கட்டணத்தை மறந்து பேசுவது முறையாகாது.

அந்தத் தாயாரிடம், 'அம்மா, காசு பிறகு பார்க்கலாம். முதலில் மனுவைப் போடுவோம்' என்று சொல்ல அன்று ஒருவரும் இருக்கவில்லை. இனி அப்படிச் சொல்பவர் ஒருவராவது ஒவ்வொரு தோட்டத்திலும், ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கச் செய்வதே இக்கூட்டத்தின் பயனாகும். அதற்கான பட்டியலிலே முதற் பெயராக எமது பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.